பத்துக்கு நாலு போட்ட காது

பாப்பா,

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்பதையும் இந்தக் கடிதம் முடிவதற்குள் சொல்லிவிடுகிறேன். இந்த மாதக் கடைசியோடு நீ ஒலிப்பதிவு ஸ்டுடியோ வேலையை விடுகிறாய், ஒன்றாம் தேதி ஓசூரில் ஒரு கம்பெனி அலுவலகத்தில் சேரப் போகிறாய் என்று நேற்று அம்மா சொன்னாள். அங்கே கண்ணுக்கும் கைக்கும்தான் வேலை, காதுக்கு வேலை இல்லை என்றாள். அது நல்ல வேலையாகவே இருக்கலாம். அதைத் தடுப்பதற்காக நான் எழுதவில்லை. "எனக்குக் காது சரியில்லம்மா, இந்த வேலைக்கு நான் லாயக்கில்ல" என்று நீ அவளிடம் சொன்னாயாம். அந்த ஒரு வாக்கியத்துக்காக எழுதுகிறேன். காது சரியில்லாமல் போனது எனக்கு. அது எனக்குத் தெரிந்து எட்டு மாதம் ஆகிறது. எட்டு மாதமும் உன்னிடம் சொல்லாமல் இருந்தேன்.

முதலிலிருந்து சொல்கிறேன், சில விஷயம் உனக்குத் தெரிந்ததுதான் என்றாலும். கப்பலில் இருபது வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்தேன். விளாத்திகுளத்திலிருந்து கிளம்பிய எனக்கு அதுவரை இசை என்றால் கோயில் கொடை விழாவுக்குக் குழாய் ஸ்பீக்கரில் போடுகிற பாட்டுதான். இயந்திர அறையில் நாலு மணி நேர வாட்ச் டியூட்டி பார்த்துவிட்டு மேலே வந்தால், காதில் திணித்திருந்த பஞ்சை எடுத்த பிறகும் உள்ளே இரைச்சல் நிற்காது. அந்தப் பஞ்சு போதவில்லை என்பது இப்போதுதான் தெரிகிறது. கப்பலில் ரேடியோ அதிகாரி ஒரு கோவாக்காரர். அவர் அறையில் ஒரு டேப் ஓடிக்கொண்டே இருக்கும். பியானோ, டபுள் பாஸ், டிரம்ஸ், மூன்று பேர். யாரும் பாடவில்லை. ஒருவர் வாசித்ததை அடுத்தவர் வாங்கி, கொஞ்சம் மாற்றித் திருப்பிக் கொடுத்தார். இதற்கு ஜாஸ் என்று பெயர் என்றார் கோவாக்காரர். அந்த அறை வாசலில் உட்கார்ந்திருந்தால் யாரும் என்னிடம் எதையும் கேட்க மாட்டார்கள். அதுதான் முதலில் பிடித்தது. பிறகு எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் பழைய இசைத்தட்டுக் கடையைத் தேடிப் போக ஆரம்பித்தேன்.

கோவில்பட்டிக்கு வந்து ஆம்ப்ளிபயர், இன்வெர்ட்டர் பழுது பார்க்கிற கடையைப் போட்டபோது என்னிடம் முந்நூறு தட்டுகளுக்கு மேல் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் நோட்டில் இரண்டு மார்க் எழுதினேன். ஒன்று வாசிப்புக்கு, ஒன்று பதிவின் ஒலிக்கு. ஒன்றை இன்னொன்றில் கலக்கக் கூடாது என்பது என் விதி. பெரிய வாசிப்பு மோசமான மைக்கில் மாட்டிக்கொண்டிருக்கும். கண்ணாடி மாதிரி பதிவான தட்டில் ஆட்கள் தூக்கக் கலக்கத்தில் வாசித்திருப்பார்கள். வாசிப்பில் தப்பு விழுகிறதா என்று நான் பார்ப்பதில்லை. மற்றவர் சொல்வதைக் காதில் வாங்கிக்கொண்டு வாசிக்கிறாரா என்று பார்ப்பேன். ஒலியில், டபுள் பாஸ் கம்பியை விரல் விடுகிற இடம் தெரிய வேண்டும், சாக்ஸபோன்காரர் மூச்சு வாங்குவது தெரிய வேண்டும், கண்ணை மூடினால் யார் எங்கே நிற்கிறார்கள் என்று காட்ட வேண்டும். கடைசியாக சிம்பல். டிரம்ஸ்காரர் அந்தப் பித்தளைத் தட்டைக் குச்சியால் தொட்டதும் வருகிற முதல் சத்தம் எல்லாப் பதிவிலும் இருக்கும். அதற்குப் பின்னால் காற்றில் கரைந்துகொண்டே போகிற ஒரு சிலிர்ப்பு இருக்கிறது பார், அது முழுதாக வராத பதிவுக்கு என்னிடம் ஐந்துக்கு மேல் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கழுகுமலையிலிருந்து ரிட்டையரான வாத்தியார் ஒருவர் பஸ் பிடித்து வந்து என்னோடு கேட்பார், உனக்குத் தெரியும். பிறகு வாட்ஸ்அப்பில் ஒரு குழு சேர்ந்தது. ஊர் ஊராக நாற்பது பேர். என் மார்க்கைப் பார்த்துவிட்டுத்தான் தட்டு வாங்குவார்கள். எனக்கு அதில் கர்வம் இருந்தது.

உனக்கு ஒன்பது வயது இருக்கும்போது நடந்த ஒன்றை நீ மறந்திருக்கலாம். ரொம்பப் பழைய பதிவு ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மழை பெய்கிற மாதிரி இரைச்சல், அதற்கு நடுவே ஒரு டிரம்பெட். நீ பக்கத்தில் தரையில் உட்கார்ந்து என்னிடம் கேட்காமலே நோட்டில் மார்க் போட்டாய். வாசிப்புக்கு ஒன்பது, ஒலிக்கு மூன்று. நான் பார்த்துவிட்டு, "இவ்ளோ எரச்சல்ல ஒனக்கு என்ன கேட்டுச்சுன்னு ஒம்போது போட்ட?" என்றேன். "அந்த மாமா சிரிச்சுக்கிட்டே ஊதுதாருப்பா" என்றாய். நான், "ஒனக்குத் தெரியாது, நாலு போடு" என்றேன். நீ ரப்பரை எடுத்து ஒன்பதை அழித்துவிட்டு நாலு எழுதினாய். அழவில்லை, மறுத்தும் பேசவில்லை. அது எனக்கு அப்போது நல்ல பிள்ளையின் அடையாளமாகப் பட்டது. பல வருஷம் கழித்து, நீ சென்னைக்குப் படிக்கப் போன பிறகு, அந்தத் தட்டை மறுபடி போட்டுக் கேட்டேன். அந்த மனிதர் சிரித்துக்கொண்டேதான் ஊதியிருந்தார். அதை உனக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், சொல்லவில்லை.

இப்போது அந்த ஹோட்டல் டேப் விஷயத்துக்கு வருகிறேன். பம்பாயில் அந்தக் காலத்தில் ஒரு ஹோட்டலில் வாசித்த ஜாஸ் குழுவின் டேப்புகள் உங்கள் ஸ்டுடியோவுக்கு வந்தபோது நீ எவ்வளவு சந்தோஷமாக இருந்தாய் என்பது தெரியும். வெளியே யாரும் கேட்டிராத பதிவு. சுத்தம் பண்ணி இசைத்தட்டாக வெளியிட வேண்டும், முதல் தடவையாக முழுப் பொறுப்பும் உனக்கு. மூன்று மாதம் உட்கார்ந்தாய். முடித்துவிட்டு, ஸ்டுடியோவில் கொடுப்பதற்கு முன்னால் பென்டிரைவில் போட்டு எனக்கு அனுப்பினாய். நான் வழக்கம்போல மூன்று தடவை கேட்டேன். உன்னைக் கூப்பிட்டு, வாசிப்புக்கு எட்டு, ஒலிக்கு நாலு என்றேன். "நாலாப்பா?" என்றாய். "சிம்பலே இல்லம்மா. கம்பளியப் போட்டு மூடுன மாதிரி மந்தமா கெடக்கு. மேல உள்ளத பூராவும் வெட்டிட்ட" என்றேன். "எனக்கு இருக்குற மாதிரிதாம்பா கேக்குது" என்றாய். "இல்லங்கேன்" என்றேன். பத்து நாள் கழித்து இரண்டாவது பென்டிரைவ் வந்தது. ட்ரெபிளை, அந்த மேல் சத்தத்தை, நன்றாக ஏற்றியிருந்தாய். நான் ஒலிக்கு எட்டு போட்டேன்.

பிறகு நடந்ததை நீ எனக்குத் துண்டு துண்டாகத்தான் சொன்னாய். தட்டு வெளியே வந்ததும் வாங்கியவர்கள் காது குத்துகிறது என்றார்கள். டிரம்ஸ் வாசித்தவரின் மகன் ஸ்டுடியோவுக்கு எழுதினார், தன் அப்பா குச்சிக்குப் பதில் கம்பி பிரஷ்ஷால் தடவித் தடவி வாசிப்பவர், இப்படி முரட்டுத்தனமாக ஒருநாளும் வாசித்ததில்லை என்று. தட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, வேறொருவரிடம் கொடுத்துச் செய்தார்கள். உறையில் உன் பெயர் போடவில்லை. அதற்குப் பிறகு உனக்கு விளம்பரக் குரல்களில் மூச்சுச் சத்தத்தை வெட்டுகிற வேலைதான் தந்தார்கள். நீ என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "நாந்தாம்பா கூட்டிட்டேன். எது சரின்னே எனக்குத் தெரியாமப் போச்சு." என்னால்தான் என்று நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா, "அவனுகளுக்குக் காது இல்ல" என்றேன். அப்படித்தான் நம்பினேன்.

போன வருஷம் ஆடி மாதத்தில் ஒருநாள் காலை, பஜாரில் தீப்பெட்டி ஏஜென்சி வைத்திருக்கிற ஒருவர் இன்வெர்ட்டரைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். "அண்ணாச்சி, இது விடாம பீப் அடிச்சிக்கிட்டே இருக்கு, என்னன்னு பாருங்க" என்றார். நான் மேஜையில் வைத்து லைன் கொடுத்துவிட்டு, "அடிக்கலையே" என்றேன். அவர் இன்வெர்ட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இப்பவும் அடிக்குதே அண்ணாச்சி" என்றார். குனிந்து பார்த்தேன். சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது. சத்தம் இல்லை. சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று அவரை அனுப்பிவிட்டு, மத்தியானம் சாப்பிடும்போது அம்மாவிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். அவள் குழம்பை ஊற்றிக்கொண்டே, "நம்ம வீட்டு இன்வெர்ட்டரும்தான் ரெண்டு வருசமா கரண்டு போனா கத்துது. நீங்க அதுக்குப் பக்கத்துலயே ஒக்காந்து பேப்பர் படிக்கிய. வேணும்னேதான் எந்திரிக்க மாட்டேங்கியன்னு நெனச்சேன்" என்றாள்.

மறுநாள் திருநெல்வேலிக்குப் போனேன். காது பரிசோதிக்கிற இடத்தில் ஒரு சின்ன அறை, சுவரெல்லாம் பஞ்சு வைத்து அடைத்தது. ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்து, சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும் என்றார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உன் வயதில் ஒரு பெண். முதலில் அமுக்கினேன். பிறகு அமுக்க ஒன்றும் வரவில்லை. அவள் கதவைத் திறந்து, "சார், பட்டனை அமுக்குங்க" என்றாள். "சத்தம் வந்தாத்தானம்மா அமுக்க" என்றேன். அவள் கதவை மூடினாள். முடிந்ததும் ஒரு தாளைக் கொடுத்தாள். அதில் ஒரு கோடு பாதி தூரம் ஓரளவு நேராகப் போய், பிறகு கிணற்றுக்குள் இறங்குகிற மாதிரி இறங்கியது. "பேச்சு ஒரு மாதிரி கேக்கும் சார். ச, ஸ இதெல்லாம் தப்பும். மேல் சத்தம் ரெண்டு காதுலயும் இல்ல" என்றாள். எத்தனை நாளாக இருக்கும் என்று கேட்டேன். "ஒருநாள்ல வாறதில்ல. அஞ்சாறு வருசமா மெல்ல மெல்லப் போயிருக்கும்" என்றாள். உன் பென்டிரைவ் எனக்கு வந்து அப்போது ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது.

எனக்கு அப்போது துக்கமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. திரும்பி வரும்போது ரயிலில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. கடம்பூரில் போளி வந்தது, அம்மாவுக்கு வாங்கினேன். வெளியே உழுது போட்ட கரிசல் மழைக்குக் காத்துக் கிடந்தது, அதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். வீட்டில் அம்மா, "என்ன சொன்னாவ?" என்றாள். "அழுக்கு அடச்சிருக்காம்" என்றேன். அவள் மேலே கேட்கவில்லை. பிறகு என்னிடம் இருப்பதிலேயே ஒலிக்குப் பத்து மார்க் வாங்கிய தட்டை எடுத்துப் போட்டேன். பாப்பா, சிம்பல் அப்படியே இருந்தது. அந்தச் சிலிர்ப்பு, அது கரைகிற வால், எல்லாம். அந்தப் பெண்ணின் மெஷின் கெட்டுப் போயிருக்கிறது என்று நினைத்தேன். நம்பிக்கையோடு உன் முதல் பென்டிரைவைப் போட்டேன். சிம்பல் இல்லை. பழைய தட்டுக்குத் திரும்பினேன், இருந்தது. இப்படி நாலைந்து தடவை மாற்றி மாற்றிப் போட்ட பிறகுதான் புரிந்தது. முப்பது வருஷமாகக் கேட்ட தட்டில் எந்த இடத்தில் என்ன வரும் என்று எனக்கு மனப்பாடம். காது கொண்டு வராததை ஞாபகம் கொண்டு வந்து வைத்துவிடுகிறது. உன் டேப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அதற்கு வைக்க என் ஞாபகத்தில் ஒன்றும் இல்லை. இல்லாத காதோடு உட்கார்ந்துகொண்டு, இருக்கிற சிம்பலை இல்லை என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன்.

அன்றைக்கே உன்னைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை. வெட்கம் என்று சொன்னால் பாதி உண்மை. மீதி என்னவென்றால், எனக்குள் ஒன்றும் அசையவே இல்லை. கடைக்குப் போனேன், வந்தேன், சாப்பிட்டேன். வாட்ஸ்அப் குழுவில் மார்க் போடுவதை நிறுத்தினேன், யாராவது கேட்டால் உடம்பு சரியில்லை என்றேன். தட்டுகளின் மேல் ஒரு போர்வையைப் போட்டு வைத்தேன். வாத்தியாரிடம் மட்டும் இரண்டு மாதம் முன்னால் சொன்னேன். அவர் காபியை ஆற்றிக்கொண்டே, "ரெண்டு மூணு வருசமாவே புதுசா வாற தட்ட பூராவும் மந்தம் மந்தம்னுதான் அண்ணாச்சி எழுதுதிய. வயசானா குத்தம் கண்டுபிடிக்கத் தோணும்போலன்னு நெனச்சேன்" என்றார். "அப்பவே சொல்லியிருக்கலாம்லா" என்றேன். "ஒங்ககிட்ட எப்படிச் சொல்ல?" என்றார். என்னை யாரும் மறுத்துப் பேச முடியாத ஆளாக நானே ஆக்கி வைத்திருந்தேன். அப்படி மறுக்க முடியாமல் போனவர்களில் உன்னையும் சேர்த்துக்கொள்.

நேற்று அம்மா உன் வேலை விஷயத்தைச் சொன்ன பிறகு, இன்று காலையில் ஒரு காரியம் செய்தேன். அவள் கூடத்தில் மிளகாய் வற்றலைப் பரப்பிக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். நான் ஒன்றும் சொல்லாமல் உன் முதல் பதிவில் ஒரு பாட்டைப் போட்டேன், பிறகு இரண்டாவதில் அதே பாட்டைப் போட்டேன். எனக்கு முதலாவது மந்தமாகவும் இரண்டாவது சரியாகவும்தான் இப்போதும் கேட்கிறது. "ரெண்டுல எது நல்லாருக்கு?" என்றேன். அவளுக்கு இந்த இசை ஒருநாளும் பிடித்ததில்லை, அது உனக்கே தெரியும். கையை நிறுத்தாமல், "மொதல்ல போட்டதுல எல்லாரும் ஒரு ரூமுக்குள்ள ஒக்காந்து வாசிக்காவ. ரெண்டாவதுல அந்தத் தட்டு அடிக்கவன் மட்டும் எந்திரிச்சு வந்து என் காதுகிட்ட நின்னு அடிக்கான். அத நிறுத்துங்க" என்றாள். "மொதல்ல உள்ளதுல தட்டுச் சத்தம் கேக்குதா?" என்றேன். "கேக்காம என்ன, அரிசி பொடைக்க மாதிரி மெதுவா கேக்குதே" என்றாள். ஒலிக்குப் பத்து வாங்கிய எந்தத் தட்டைப் பற்றியும் இவ்வளவு சரியாக நான் எழுதியதில்லை. அதற்குப் பிறகுதான் அவளிடம் காது விஷயத்தைச் சொன்னேன். அவள் வற்றலைத் தள்ளி வைத்தாள். "எட்டு மாசமா?" என்று மட்டும் கேட்டாள்.

ஆகவே உன் முதல் பதிவு சரி. உன் காது சரி. நீ கேட்டதை நீ நம்பாமல் போனதற்குக் காரணம் நான், அந்த ரப்பர் காலத்திலிருந்தே. இதில் உனக்கு ஏதாவது புத்தி சொல்ல எனக்குத் தகுதி இருந்தால் ஒன்றுதான் சொல்வேன். யாருடைய மார்க்கையும் பார்ப்பதற்கு முன்னால் உன்னுடையதை மையால் எழுதி வை. அதோடு, மார்க் போடுகிறவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், கடைசியாக எப்போது காதைப் பரிசோதித்தீர்கள் என்று கேள். அப்பாவாக இருந்தாலும் கேள். திருநெல்வேலியில் கொடுத்த தாளின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். உன் ஸ்டுடியோ முதலாளிக்கும் நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன், நீ சொல்லாமல் அதை அனுப்ப மாட்டேன். ஓசூருக்குப் போவதென்றால் போ. அந்த வேலை பிடித்துப் போகிறாய் என்றால் எனக்குச் சம்மதம். காது சரியில்லை என்று சொல்லிக்கொண்டு போகாதே.

போனில் ஏன் சொல்லவில்லை என்று சொல்கிறேன் என்றேன் அல்லவா. போனில் நீ பேசுவதில் பாதி எனக்கு வருவதில்லை. ஒன்றரை வருஷமாக, குரல் ஏறி இறங்குவதை வைத்து, நீ நிறுத்துகிற இடத்தில் "ஆங்" என்றும் "சரிம்மா" என்றும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இரண்டு வாரம் முன்னால் ஒரு சாயங்காலம் நான் கடையில் இருக்கும்போது கூப்பிட்டாய். தெருவில் வண்டிச் சத்தம். நீ ஏதோ நிதானமாகக் கேட்டுவிட்டு நிறுத்தினாய். நான், "சரிம்மா, அப்படியே செய்யி" என்றேன். நீ போனை வைத்துவிட்டாய். சாப்பாடு விஷயமோ ஊருக்கு வருகிற விஷயமோ என்று நினைத்துக்கொண்டேன். இன்று காலை அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்ன பிறகு அவள் சொல்லித்தான் தெரிந்தது, நீ கேட்டது என்னவென்று. "அப்பா, நான் இந்த வேலய விட்டுரட்டுமா? நீங்க வேண்டாம்னு சொன்னா விடல." இதுதான் நீ கேட்டது. அதற்குத்தான் நான் சரி என்றேன்.

இதை எழுதும்போதாவது அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. ஆனால் கை நிற்காமல் எழுதுகிறது. அந்தச் சரி உனக்கு நான் சொன்ன பதில் இல்லை. உன் கேள்வி என்னிடம் வந்து சேரவே இல்லை. அதை இன்னொரு தடவை கேள் பாப்பா, இந்த முறை எழுதிக் கேள்.

அப்பா